வெயிலில் குளிர்ந்த கட்டை

ஜீப்பைத் தூக்கிக் கட்டும் பட்டறையில் சாமான் வாங்குகிறவருக்கு முதலில் என்ன வேண்டும் என்று போன வாரம் உங்களில் ஒருத்தி கேட்டாள். பேரம் பேசும் வாய் என்று நான் சொல்வேன் என நினைத்திருப்பாள் போல. சந்தேகம் என்றேன். சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அது ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்களும் இருக்கிறீர்கள். அதனால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். ஜீப்பின் அடிச்சட்டமான சேஸ் தனி, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் பாடி தனி. இரண்டுக்கும் நடுவில் கட்டைகளை வைத்து, நீள போல்ட் போட்டு முடுக்கினால் பாடி உயரும். பெரிய டயர் மாட்டலாம், ஓடையில் இறங்கலாம், பார்க்கவும் மிடுக்காக இருக்கும். பாடி உயர்ந்தால் ஸ்டீயரிங்கும் அதோடு மேலே போய்விடும் என்பதால், ஸ்டீயரிங் ராடுக்கு ஒரு இணைப்புத் துண்டு சேர்த்து நீட்ட வேண்டும். மாட்டுவதை மேஸ்திரி பார்த்துக்கொள்வார். கட்டை எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது நம் வேலை. ஓட்டுகிறவர் அந்தக் கட்டைகளை ஆயுளில் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. ஆனால் குடும்பத்தோடு அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தையல்காரரிடம் துணி எடுத்துக் கொடுப்பது போல, வண்டிச் சாமானையும் தாங்களே வாங்கி வந்து "கூலிய மட்டும் சொல்லுங்க" என்பார்கள். அப்படித்தான் அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து சின்னச்சாமி வந்தான். நம் அவனியாபுரம் பட்டறையில் அவனுடைய பழைய ஜீப்பை முந்தின நாளே விட்டுவிட்டுப் போயிருந்தான். மறுநாள் காலையில் ஒரு சாக்குமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, என் மேசைக்கு முன்னால் தொப்பென்று இறக்கினான்.

"அக்கா, முழு செட்டும் கிடைச்சிருச்சு. கட்டை, போல்ட்டு, ஸ்டீயரிங் துண்டு, அம்புட்டும் இருக்கு. இதே மாடல் வண்டியில இருந்து கழட்டுனதாம்."

"எங்க வாங்குன?"

"பழைய இரும்புக் கடையில. அளவெடுத்து வச்ச மாதிரி இருக்கும்னாரு."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று மேஸ்திரிக்கு ஒரே சந்தோஷம். நைலான் உருளை வாங்கி, லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்குவதற்குள் அவருக்குப் பாதி உயிர் போய்விடும். எனக்கு மட்டும் அந்த மூட்டையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. தேடாமல் கிடைத்த சாமான், தட்டாமல் பொருந்துகிற சாமான் இரண்டையும் இரண்டாம் முறை பார்க்காமல் நான் விடுவதில்லை.

டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். தோப்புக்குப் போகிற பாதையை ஓடைத் தண்ணீர் அறுத்துப் போட்டுவிட்டதாம், சின்ன வண்டி போகாதாம். வீட்டில் இன்னொரு ஜீப் வந்ததே அவன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லையாம். அவன் அண்ணன் ஜீப்போடு கண்மாய்க்குள் போய் இறந்தவன்.

"கரை வளையிற இடத்துல வளையாம நேரா இறங்கிருச்சுக்கா வண்டி. பார்த்தவங்க சொன்னாக, வேணும்னேதான் விட்டான்னு. அன்னைக்குக் காலையில அண்ணிக்கும் அவருக்கும் சண்டை. 'போனா திரும்பி வராதீங்க'ன்னு அண்ணி சொன்னத எங்கம்மா காதால கேட்டிருக்கு. அதுல இருந்து அம்மா அண்ணி மொகத்தையே பாக்குறதில்ல. பொங்கல் கழிச்சு அண்ணிய அவங்க ஊருக்கு அனுப்பிட்டு, பிள்ளைய மட்டும் நாங்க வச்சுக்கிறதா இருக்கு."

"பிள்ளை யாரு?"

"அண்ணன் மகதான். ஸ்கூல் போறா."

அதை அவன் சொன்ன விதத்தில் கெட்ட எண்ணம் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்ததைச் சொல்லுகிற குரல்தான். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. மத்தியானம் அம்மாவை அழைத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் கிளம்பினான்.

அம்மா எதற்கு என்று புதியவர்கள் கேட்பீர்கள். வீட்டுக்கு நிலை வைக்கும்போது அடியில் காசும் தானியமும் வைப்பார்கள் இல்லையா, அதே மாதிரி எங்கள் பக்கத்தில் பாடி தூக்கும்போதும் ஒரு சடங்கு வைத்திருந்தோம். முதல் கட்டையின் குழிக்குள் அந்த வீட்டுச் சுமங்கலி ஒருத்தி மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பாள். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, இந்த வேலை செய்கிற பட்டறை எல்லாவற்றிலும் உண்டு. சின்னச்சாமிக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவன் அப்பா இருக்கிறார், அதனால் அம்மா வரவேண்டும்.

மேஸ்திரி உற்சாகத்தில் அதற்குள் கட்டைகளை வைத்து, பாடியை இறக்கி, இணைப்புத் துண்டில் ஸ்டீயரிங் ராடையும் செருகிவிட்டார். போல்ட்டை முழுக்க முடுக்கவில்லை, பொருத்தம் பார்க்கத்தான். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் டப்பாவைத் திறந்து மேசையிலேயே உட்கார்ந்தேன். உச்சி வெயில். ஒரு விமானம் கூரைக்கு மேலே தாழப் பறந்து இறங்கியது. அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகு ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோகூட இல்லை.

அப்போதுதான் சொட்டு விழும் சத்தம் கேட்டது.

குழாய் சரியாக மூடவில்லை என்று நினைத்தேன். குழாய் காய்ந்து கிடந்தது. சத்தம் ஜீப்புக்கு அடியிலிருந்து வந்தது. அந்த வண்டியில் அப்போது ரேடியேட்டரில் தண்ணீர் கிடையாது, டேங்கில் டீசல் கிடையாது. குனிந்து பார்த்தேன். ஓட்டுநர் பக்கத்துக் கட்டையிலிருந்து தண்ணீர் துளித்துளியாகக் கசிந்து, காய்ந்த சிமென்ட் தரையில் கருப்பாகப் பரவிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு வாடை. பாசியும் சேறும் அழுகின தாமரைத் தண்டும் கலந்த கண்மாய் வாடை.

நிமிர்ந்தேன். ஆளில்லாத வண்டிக்குள் ஸ்டீயரிங் மெல்லத் திரும்பியது. ஒரு விரற்கடை திரும்பி நின்றது. பாடிக்குள்ளிருந்து முனகல் மாதிரி ஒரு சத்தம். மறுபடியும் கொஞ்சம் திரும்பியது. பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று வாய் கிழியப் பேசுகிறவள்தான் நான். அன்றைக்கு அந்த வாய் ஒட்டிக்கொண்டது.

மேஸ்திரி வந்து பார்த்தார். எல்லோரையும் அதட்டுகிற மனிதர், முகம் வெளுத்துப் போனார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கோ பட்டப்பகல் வெளிச்சத்தில் நடந்தது.

"அக்கா, இது தண்ணியில செத்தவன் வண்டிச் சாமான். எனக்கு வாடையே சொல்லுது. நான் தொட மாட்டேன். எலுமிச்சம்பழம் வெட்டி, சாக்கோட கொண்டுபோய் ஆத்துல போட்டுருவோம்."

முதலாளிக்குப் போன் போட்டேன். "இன்னைக்கு நல்ல நாளும்மா, அவுக கிளம்பி வந்துக்கிட்டு இருக்காக. கதை பேசாம முடிச்சுக் குடுங்க" என்று வைத்துவிட்டார். ஒரு பக்கம் ஆற்றில் போடு என்கிறார்கள், இன்னொரு பக்கம் முடுக்கிக் கொடு என்கிறார்கள். இரண்டுமே சுலபம். இரண்டிலும் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. பிள்ளைகளா, நெருக்கடி என்பது பெரும்பாலும் இப்படித்தான் வரும். இரண்டு பக்கமும் அவசரப்படுத்துவார்கள், நடுவில் நின்று பார்க்க மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

மேஸ்திரியிடம் சொன்னேன்: "பேயா இருந்தா அது நம்மளத் தேடி வரட்டும், பாத்துக்குவோம். கட்டையில கோளாறுன்னா அது சின்னச்சாமி கூடப் போயிரும். எதுக்குப் பயப்படணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் திட்டிக்கொண்டே ஜாக்கியை எடுத்தார். கட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, முன்வாசல் வெயிலில் வரிசையாக வைத்தோம். எல்லாம் ஒரே கருப்பு, ஒரே உயரம். சற்று நேரம் பொறுத்து ஒவ்வொன்றாகக் கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது, சுட்டது, சுட்டது. ஒன்று மட்டும் பானை வயிறு மாதிரி சில்லென்று இருந்தது. அந்த வெயிலில், என் உள்ளங்கைக்குக் கீழே அது வியர்த்துக்கொண்டிருந்தது. சட்டென்று கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டேன். எத்தனை முறை துடைத்தும் ஈரம் போகாத மாதிரியே இருந்தது.

ரம்பத்தைக் கொண்டுவரச் சொன்னேன். மேஸ்திரி அறுக்க மறுத்துத் தள்ளி நின்றார். நானே அறுத்தேன். மேல்தோல் ரப்பர், லாரி டியூபை வெட்டி ஒட்டியது. உள்ளே நைலான் இல்லை, மரம். ஊறிச் சோறாகிப்போன ஏதோ ஒரு மட்டமான மரம். ரம்பம் உள்ளே போகப் போகத் தண்ணீர் பிதுங்கியது.

யாரோ ஒரு பட்டறைக்காரன், அவன் யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, செட்டில் ஒரு கட்டை குறைந்ததும் இருந்த மரத்தை வெட்டி ரப்பர் போர்த்தி ஒப்பேற்றியிருக்கிறான். 'ஒண்ணுதானே' என்று நினைத்திருப்பான். நசுங்கின மரம் தண்ணீரைக் குடித்தால் மறுபடியும் உப்பி எழுந்து நிற்கும், ரப்பருக்குள் லேசில் காயாது, பார்க்கிறவனுக்கு முழுக்கட்டை போலவே தெரியும். பாடியின் பாரம் ஏறியதும் குடித்ததைக் கக்கியிருக்கிறது. வண்டி ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறது, அந்த இழுப்பில் ஸ்டீயரிங் திரும்பியிருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் பயம் போகவில்லை. காரணம் தெரிந்த பிறகுதான் கூடியது.

மற்ற கட்டைகளையும் சோதித்தபோது ஒன்றின் குழிக்குள் ஏதோ அடைத்திருந்தது. கம்பியால் நெம்பினேன். களிமண் பூசிய ஒரு துணி முடிச்சு வந்து விழுந்தது. தண்ணீரில் அலசினேன். வழக்கமான மஞ்சள் துணி இல்லை, சேலையில் கிழித்தது; பச்சை நிறம், ஓரத்தில் மெல்லிய சரிகை, உள்ளே காசு. ஏதோ ஒரு வீட்டுப் பெண் முடிந்து வைத்த முடிச்சு.

இரும்புக் கடைக்காரரைப் போனில் பிடித்தேன். அந்தச் செட் எந்த வண்டியில் இருந்தது என்று கேட்டேன். "கண்மாயில விழுந்த வண்டிக்கா. அலங்காநல்லூர்ப் பக்கம். ஏன், நல்ல சாமான்தானே?" என்றார். எத்தனை ஊர், எத்தனை ஜீப், எத்தனை இரும்புக் கடை. வீட்டார் முகத்தில் விழிக்கக்கூடாது என்று எடைக்குப் போட்ட வண்டி, சாக்குமூட்டையாகி அதே வீட்டுப் பிள்ளையின் தோளிலேறித் திரும்பி வந்திருக்கிறது. இதே மாடலுக்குத் தேடுகிறவன் இதே சாமானிடம்தான் வந்து சேருவான் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், வெகுநாள் சொல்லிக்கொண்டேன்.

மிச்சமிருந்தது ஸ்டீயரிங் இணைப்புத் துண்டு. அதையும் கழற்றி, கிரீஸைத் துடைத்து, மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தேன். ராடு செருகும் வாயின் விளிம்பில் வளையம் வளையமாகக் கீறல். செருகி இருக்கும்போது ராடும் துண்டும் ஒன்றாகச் சுற்றும், கீறல் விழாது. ராடு வாயை விட்டு நழுவிய பிறகு யாரோ ஸ்டீயரிங்கைச் சுற்றியிருக்கிறார்கள். ஒரு சுற்று அல்ல. கீறலுக்கு மேல் கீறல் விழும்படி, பலம் கொண்ட மட்டும்.

மேஸ்திரி அதைப் பார்த்தார். அவருக்கு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கட்டை நசுங்கியதும் பாடி பின்னால் நழுவி ராடை உருவிவிட்டது. ஓட்டியவன் கையில் வெறும் சக்கரம் மட்டும்.

"அக்கா, சொல்லாதீங்க. செத்தவன் செத்துட்டான். வேற கட்டை கடைஞ்சு போட்டு அனுப்புவோம். கடைசி நிமிசத்துல எப்படித் தவிச்சான்னு பெத்தவகிட்டப் போயி யாராச்சும் சொல்லுவாங்களா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கு ஒரு மகன் உண்டு. அவன் விஷயத்தில் எனக்கு யாராவது இப்படிச் சொன்னால் தாங்குவேனா என்று யோசித்தேன். தாங்க மாட்டேன். ஆனால் ஒரு பெண்ணிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கப் போகிறார்கள். அது தப்பு என்பதற்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி என் கையில் மண்ணெண்ணெய் வாடையோடு இருக்கிறது. நம் வேலை சாமானைப் பற்றி உள்ளதைச் சொல்வது. கேட்கிறவர் தாங்குவாரா என்று நாம் முடிவு செய்ய ஆரம்பித்தால் பிறகு எதையும் சொல்ல மாட்டோம்.

அவர்கள் வந்தார்கள். சின்னச்சாமியும் அவன் அம்மாவும் உள்ளே வந்தார்கள். பூ, பழக்கூடையைச் சுமந்துகொண்டு வந்த பெண் மட்டும் வாசல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள். அவள்தான் அண்ணி, செல்வி. நல்ல காரியம் நடக்கிற இடத்துக்குள் அவள் வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவளே நின்றுகொண்டாள்.

கிழவி மடியிலிருந்து புது மஞ்சள் துணியை எடுத்தபோது, நான் பழைய முடிச்சை மேசைமேல் வைத்தேன். "ஆத்தா, இது இந்தச் சாமானுக்குள்ள இருந்துச்சு" என்றேன். கிழவிக்கு எதுவும் தெரியவில்லை. சின்னச்சாமிக்கும் தெரியவில்லை. வாசலில் கூடை விழுகிற சத்தம் கேட்டது.

"அது என் சேலை" என்றாள் செல்வி. உள்ளே வந்துவிட்டாள். "நான் முடிஞ்சு வச்சது. அவரு வண்டிக்கு."

கிழவி பின்வாங்கிச் சுவரைப் பிடித்தாள். "இவ கை வச்ச சாமானா? இவ முடிஞ்ச முடிச்சுதான் எம்மூத்த பிள்ளையக் கொண்டுபோயிருச்சு. இப்ப எளையவனயும் தேடி வந்திருச்சா?"

செல்வி தானாகவே வாசல் பக்கம் நகர்ந்தாள். அதை அவளே நம்பியிருந்தாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு அடக்க முடியாத ஆத்திரம் வந்தது. அறுத்த கட்டையைத் தூக்கிக் கிழவியின் காலடியில் வைத்தேன்.

"ஆத்தா, முடிச்சு ஒண்ணும் பண்ணல. இதப் பாருங்க. வண்டியத் தாங்க வேண்டிய கட்டை. உள்ள வெறும் ஊறுன மரம். இது நசுங்குனதும் ஸ்டீயரிங் கழண்டு போச்சு. உங்க பிள்ள வண்டிய விடல. வண்டிதான் அவர விட்டுருச்சு."

"அத நீ பாத்தியா?" என்றாள்.

"பாக்கல. ஆனா இது பாத்திருக்கு" என்று இணைப்புத் துண்டைக் கொடுத்தேன். கீறல்களைக் காட்டினேன். எப்போது அது விழும், எப்போது விழாது என்று சொன்னேன். குறைத்தும் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை. சின்னச்சாமி முகத்தை மூடிக்கொண்டான்.

கிழவி வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தாள். "எம்புட்டுப் பயந்தானோ" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி என்னை முறைத்தார். நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

செல்வி குனிந்து மாமியாரின் கையிலிருந்து அந்தத் துண்டை வாங்கினாள்.

"திருப்பிப் பாத்தாராக்கா?"

"ஆமா. திருப்பித் திருப்பிப் பாத்திருக்காரு."

"கரை எந்தப் பக்கம் வளையுது?" என்று சின்னச்சாமியிடம் கேட்டேன்.

"நம்ம வீட்டுப் பக்கம்" என்றான்.

கிழவி தலையைத் தூக்கினாள். யாரையும் பார்க்காமல், "இவ எங்கயும் போகல. சொல்லிப்புட்டேன்" என்றாள்.

அது செல்வியின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஒரு விரலை அந்த வளையக் கீறல்களின்மேல் வைத்து, சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"வராதீங்கன்னு சொன்னேன்க்கா" என்றாள். "வரத்தான் பாத்திருக்காரு."